மரபணுவைத் தொட்டு எழுப்பும் புரதங்கள்

கருவில் இருந்தபோது நமக்குள் ஓடிய ரத்தம் இன்றைய ரத்தம் அல்ல. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் அப்போது வேறு வடிவத்தில் இருந்தது. தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொள்ள வேண்டுமானால், தாயின் ஹீமோகுளோபினைவிடச் சற்று இறுக்கமாக அதைப் பற்றும் ஹீமோகுளோபின் குழந்தைக்குத் தேவை. பிறந்து, சொந்தமாக மூச்சுவிடத் தொடங்கியபின் அந்த இறுக்கம் தேவையில்லை. சில மாதங்களுக்குள் கருக்கால ஹீமோகுளோபின் படிப்படியாகக் குறைந்து, வாழ்நாள் முழுவதும் நம்மோடு இருக்கப்போகும் ஹீமோகுளோபின் அதன் இடத்துக்கு வந்துவிடுகிறது.

ஆனால் கருக்கால ஹீமோகுளோபினைச் செய்யச் சொல்லும் மரபணு எங்கும் போய்விடவில்லை. இதைப் படிக்கும் உங்கள் எலும்பு மஜ்ஜையில், ரத்த அணுக்கள் பிறக்கும் ஒவ்வொரு செல்லிலும் அது முழுசாக இருக்கிறது. ஓர் எழுத்துகூட அழியவில்லை. அது பேசுவதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். அதைப் பேசவைத்தது யார், அடக்கியது யார் என்று தேடிப்போனால், மரபணுக்கள் எப்படி வேலைசெய்கின்றன என்ற முழுக் கதையும் அந்த வழியிலேயே கிடைத்துவிடும். கடைசியில் இந்த மரபணுவிடமே திரும்பி வருவோம்.

முதலில் சில அடிப்படைகள். மனித டிஎன்ஏவின் ஒரு தொகுப்பில் சுமார் 320 கோடி எழுத்துகள் உண்டு. ஏ, டி, ஜி, சி என்று நாலே எழுத்துகளில் எழுதிய நீண்ட சரம் அது. அந்தச் சரத்தில் ஆங்காங்கே, புரதம் செய்வதற்கான குறிப்புகளாக ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் உள்ளன. ஒரு மரபணு வேலைசெய்கிறது என்றால், அதன் எழுத்துகளை ஆர்என்ஏ என்ற தற்காலிகப் பிரதியாக எழுதி எடுக்கிறார்கள் என்று அர்த்தம். இதைப் படியெடுத்தல் என்கிறோம். அந்தப் பிரதியைப் பார்த்துத்தான் செல் புரதத்தைக் கட்டுகிறது. படியெடுக்கும் இயந்திரத்தின் பெயர் ஆர்என்ஏ பாலிமரேஸ். அதுவும் ஒரு புரதம்தான்; சொல்லப்போனால் பல புரதங்கள் சேர்ந்த கூட்டு.

கண்ணில் உள்ள செல்லிலும் கல்லீரல் செல்லிலும் நரம்புச் செல்லிலும் இருப்பது ஒரே சரம். கல்லீரல் ரத்தத்துக்கு வேண்டிய ஆல்புமினை அள்ளி அள்ளிச் செய்கிறது. நரம்புச் செல்லிலும் ஆல்புமின் மரபணு இருக்கிறது, ஆனால் அங்கே அதை யாரும் படியெடுப்பதில்லை. சரம் ஒன்று, வாசிக்கும் இடங்கள் வேறு. எந்த இடத்தை வாசிக்க வேண்டும் என்று தீர்மானிப்பவை, டிஎன்ஏவின் மேல் வந்து உட்காரும் சில புரதங்கள். அவற்றுக்குப் படியெடுப்புக் காரணிகள் என்று பெயர். மனிதரில் இப்படிப்பட்டவை சுமார் 1,600 வகை இருக்கின்றன. அதாவது நம் மரபணுக்களில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒன்று, மற்ற மரபணுக்களை மேய்ப்பதற்காகவே இருக்கிறது.

இந்தப் புரதங்களைப் பற்றி நமக்குத் தெரியவந்ததே ஒரு பாக்டீரியாவின் தயக்கத்தால்தான். ஈ. கோலை என்ற பாக்டீரியாவுக்கு குளுக்கோஸ், லாக்டோஸ் என்று இரண்டு சர்க்கரைகளையும் சேர்த்துக் கொடுத்தால் அது முதலில் குளுக்கோஸை மட்டும் தின்று வளரும். குளுக்கோஸ் தீர்ந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வளரத் தொடங்கும், இம்முறை லாக்டோஸைத் தின்று. பிரான்ஸில் ழாக் மோனோ 1941-இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் இதை விவரித்தார். நடுவில் வரும் அந்த இடைவெளியில் பாக்டீரியா என்ன செய்துகொண்டிருந்தது? லாக்டோஸை உடைக்கும் நொதியைப் புதிதாகச் செய்துகொண்டிருந்தது. அதுவரை அந்த மரபணு அடங்கிக் கிடந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து, 1961-இல், மோனோவும் பிரான்சுவா ஜாக்கோபும் விடையை வெளியிட்டார்கள். லாக்டோஸ் மரபணுக்களுக்கு முன்னால் டிஎன்ஏவில் ஒரு சிறு இடம் இருக்கிறது. அங்கே ஏதோ ஒரு பொருள் பிடித்துக்கொண்டு பாலிமரேஸை வேலைசெய்ய விடாமல் தடுக்கிறது. லாக்டோஸ் வந்தால் அது பிடியை விடுகிறது. அந்தப் பொருளுக்கு ஒடுக்கி என்று பெயர் வைத்தார்கள். அது ஆர்என்ஏவாக இருக்கலாம் என்றுகூட அப்போது நினைத்தார்கள். 1966-இல் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் அதைத் தனியாகப் பிரித்தெடுத்து, அது ஒரு புரதம் என்று காட்டினார்கள். ஒரு பாக்டீரியாவில் இந்த ஒடுக்கி பத்துப் பிரதிகள் அளவுக்குத்தான் இருக்கும். அந்தப் பத்து போதும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. லாக்டோஸ் வந்தால்தான் ஒடுக்கி விலகும். ஆனால் லாக்டோஸ் செல்லுக்குள் வருவதற்கே ஒரு கடத்தும் புரதம் வேண்டும். அதன் மரபணுவும் இதே ஒடுக்கியின் பிடியில்தான் இருக்கிறது. ஒடுக்கியை விலக்குவதும் நேரடியாக லாக்டோஸ் அல்ல. உடைக்கும் நொதியே லாக்டோஸைக் கொஞ்சம் மாற்றிச் செய்து தரும் அல்லோலாக்டோஸ்தான் அந்த வேலையைச் செய்கிறது. அப்படியானால் கதவைத் திறக்கும் சாவி பூட்டிய அறைக்குள் இருக்கிறது. எப்படித் திறக்கும்? ஒடுக்கியின் பிடி நிரந்தரமானதல்ல என்பதே விடை. அது அவ்வப்போது நழுவும். நழுவும் கணத்தில் ஒன்றிரண்டு பிரதிகள் எழுதப்பட்டுவிடும். அதனால் லாக்டோஸ் இல்லாத காலத்திலும் செல்லில் நொதியும் கடத்திப் புரதமும் ஒரு சிலவாவது இருக்கும். முதல் லாக்டோஸ் வந்ததும் அவை போதும். அங்கிருந்து உற்பத்தி ஆயிரம் மடங்குவரை ஏறும்.

மரபணுவை 'ஆன்' செய்வது, 'ஆஃப்' செய்வது என்று பேசிப் பழகிவிட்டோம். விளக்கு ஸ்விட்ச் போல ஒன்று மனதில் வந்துவிடுகிறது. அந்தப் படம் தவறான இடத்துக்குக் கூட்டிப்போகும். இங்கே நடப்பது பிடிப்பதும் விடுவதும். பிடி இறுகினால் படியெடுப்பு அரிதாகும், தளர்ந்தால் அடிக்கடி நடக்கும். முழுப் பூஜ்யம் என்பது பெரும்பாலும் இல்லை.

தடுப்பது ஒரு பாதி. பாக்டீரியா குளுக்கோஸ் தீரும்வரை காத்திருந்ததில் இன்னொரு புரதத்துக்கும் பங்கு உண்டு, அதன் பெயர் கேப். குளுக்கோஸ் குறைந்தால் செல்லுக்குள் ஒரு சிறு மூலக்கூறு பெருகும். அதைப் பற்றிக்கொண்ட கேப், லாக்டோஸ் மரபணுவுக்குச் சற்று முன்னால் டிஎன்ஏவில் உட்காரும். உட்கார்ந்து என்ன செய்கிறது? பக்கத்தில் வரும் பாலிமரேஸை ஒரு கையால் தொடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. அந்தத் தொடுதலால் பாலிமரேஸ் அங்கே தங்கும் வாய்ப்பு கூடுகிறது, படியெடுப்பு பெருகுகிறது. மரபணுவை எழுப்பும் புரதம் தானாக எதையும் எழுதுவதில்லை. எழுதத் தெரிந்ததை அழைத்துவந்து உட்காரவைக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

திறக்காமலே வாசிப்பது

ஒரு கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். கோடிக்கணக்கான எழுத்துகளுக்கு நடுவே தனக்கு வேண்டிய இடத்தைப் புரதம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? எழுத்துகள் முறுக்கிய ஏணியின் படிகளைப் போல உள்ளே அல்லவா இருக்கின்றன?

பாலிமரேஸ் படியெடுக்கும்போது ஏணியைப் பிரித்துத்தான் வாசிக்கும். படியெடுப்புக் காரணி அப்படிச் செய்வதில்லை. டிஎன்ஏ முறுக்கிக்கொண்டு போவதால் அதன் வெளிப்பக்கம் இரண்டு பள்ளங்கள் ஓடுகின்றன, ஒன்று அகலம், ஒன்று குறுகல். அந்தப் பள்ளங்களின் அடியில் எழுத்துகளின் ஓரங்கள் தெரியும். ஏ-யின் ஓரம் ஒரு மாதிரி, ஜி-யின் ஓரம் வேறு மாதிரி. பல படியெடுப்புக் காரணிகளில் சுருள் கம்பி போன்ற ஒரு பகுதி இருக்கும். அகலமான பள்ளத்துக்குள் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. பொருந்தியபின் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அமினோ அமிலங்கள் எழுத்துகளின் ஓரங்களைத் தொட்டுப் பார்க்கின்றன. உதாரணமாக ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தின் நுனி, ஜி எழுத்தின் ஓரத்தோடு ஒரே நேரத்தில் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளைப் போடக்கூடியது. வேறு எழுத்து இருந்தால் அந்த இரண்டு பிணைப்புகளும் ஒருசேர அமையாது, பிடி நிலைக்காது. பார்வையற்றவர் பிரெய்ல் புள்ளிகளை விரலால் தடவி வாசிப்பதைப் போன்ற வாசிப்பு இது.

தடவிப் பார்த்து, சரியில்லை என்றால் கொஞ்சம் வழுக்கி நகரும், இல்லையென்றால் குதித்து வேறிடம் போகும். மூலக்கூறுகள் எப்போதும் வேகமாக அலைந்துகொண்டே இருப்பவை என்பதால் இந்தத் தேடல் நடக்கிறது. அதற்கு வழிகாட்டி யாரும் இல்லை.

ஆனால் ஒரு சிக்கல். இப்படி ஒரு புரதம் அடையாளம் காணும் எழுத்துத்தொடர் மிகச் சிறியது, பெரும்பாலும் ஆறிலிருந்து பன்னிரண்டு எழுத்துகள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலு எழுத்துகளில் எழுதிய சரத்தில், குறிப்பிட்ட ஆறெழுத்துத் தொடர் ஒன்று தற்செயலாகவே 4,096 இடத்துக்கு ஒருமுறை வந்துவிடும். 320 கோடி எழுத்துகளில் அது ஏழு லட்சத்துக்கும் மேல் வரும். இத்தனை இடத்திலும் ஒரு புரதம் போய் உட்கார்ந்தால் அர்த்தமே இல்லை. அதனால் புரதங்கள் கூட்டாக வேலைசெய்கின்றன. இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, ஆளுக்கு ஆறு எழுத்தாக, அடுத்தடுத்துப் பன்னிரண்டு எழுத்துகளைப் பற்றினால் அந்தத் தொடர் தற்செயலாக வரும் இடங்கள் இருநூறுக்குள் வந்துவிடும். ஏழு லட்சம் எங்கே, இருநூறு எங்கே! ஒரு மரபணுவின் அருகே நாலைந்து வகைப் புரதங்கள் சேர்ந்து உட்கார்ந்தால்தான் அது நன்றாக விழிக்கும் என்ற ஏற்பாட்டுக்குப் பின்னால் இந்த எளிய கணக்கு இருக்கிறது. 1,600 வகைப் புரதங்களைக் கொண்டு 20,000 மரபணுக்களையும் இத்தனை விதமான செல்களில் தனித்தனியாக ஆள முடிவதும் இதனால்தான். கூட்டணிகளை மாற்றி மாற்றி அமைத்தால் போதுமே.

அழைக்கும் கை வேறு, பற்றும் கை வேறு

பாக்டீரியாவில் கண்டது நம் செல்லுக்கும் பொருந்துமா? இதைச் சோதித்த ஒரு பரிசோதனையைச் சொல்ல வேண்டும். ஈஸ்ட்டில் கால்4 என்றொரு புரதம் காலக்டோஸ் சர்க்கரைக்கான மரபணுக்களை எழுப்புகிறது. 1985-இல் ரோஜர் பிரென்ட்டும் மார்க் டாஷ்னியும் அந்தப் புரதத்தில் டிஎன்ஏவைப் பற்றும் பகுதியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் லெக்ஸ்ஏ என்ற பாக்டீரியாப் புரதத்தின் பற்றும் பகுதியை ஒட்டினார்கள். ஈஸ்ட்டுக்கும் லெக்ஸ்ஏவுக்கும் எந்த உறவும் இல்லை. பிறகு ஈஸ்ட்டின் ஒரு மரபணுவுக்கு முன்னால் லெக்ஸ்ஏ பற்றும் எழுத்துத்தொடரைச் செருகினார்கள். அந்த மரபணு விழித்தது.

எழுப்பும் புரதத்துக்கு இரண்டு கைகள் என்று இதிலிருந்து தெளிவானது. ஒரு கை டிஎன்ஏவில் இடம் பிடிக்கிறது. மறு கை படியெடுக்கும் இயந்திரத்தை அழைக்கிறது. ஒன்றைக் கழற்றி வேறொன்றை மாட்டினாலும் வேலை நடக்கிறது. அதைவிட வியப்பு, ஈஸ்ட்டின் கால்4 மனித செல்லுக்குள்ளும் ஈயின் செல்லுக்குள்ளும் வேலைசெய்தது. நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் பிரிந்து வாழ்ந்த உயிர்கள் இன்னும் அதே அழைப்பைப் புரிந்துகொள்கின்றன.

நம் செல்லில் அழைப்புக்கு வருபவர்கள் கொஞ்சம் அதிகம். மீடியேட்டர் என்ற பெரிய புரதக் கூட்டு நடுவே நிற்கிறது. எழுப்பும் புரதத்தின் கை பெரும்பாலும் முதலில் தொடுவது அதைத்தான். மரபணுவின் தொடக்கத்தில் வேறு சில புரதங்கள் கூடி டிஎன்ஏவை வளைத்து மேடை அமைக்கின்றன. அதில் வந்து பாலிமரேஸ் உட்காருகிறது.

அதற்கும் முன்னால் இன்னொரு தடை. ஒரு செல்லின் டிஎன்ஏவை நீட்டினால் இரண்டு மீட்டர் வரும். அது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான உட்கருவுக்குள் அடங்க வேண்டும். அதனால் ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில், உருளைக்கு 147 எழுத்துகள் வீதம் சுற்றி வைத்திருக்கிறது. சுற்றிய நூலில் பள்ளத்தைத் தடவி வாசிப்பது கடினம், மேடை அமைப்பது அதைவிடக் கடினம். எனவே எழுப்பும் புரதங்கள் வேறு சில நொதிகளையும் அழைக்கின்றன. சில நொதிகள் உருளைகளை நகர்த்தும். சில நொதிகள் ஹிஸ்டோனின் வால்களில் அசிட்டைல் என்ற சிறு குழுவை ஒட்டும். ஹிஸ்டோனின் நேர்மின்னூட்டம் அதனால் குறைந்து, எதிர்மின்னூட்டம் கொண்ட டிஎன்ஏ மீதான பிடி தளரும். ஒடுக்கும் புரதங்கள் நேர்மாறாக, அசிட்டைலை நீக்கும் நொதிகளைக் கூட்டிவருகின்றன. எழுப்புவதிலும் அடக்குவதிலும் செயல் ஒன்றே: யாரை அழைத்துவருவது என்பதுதான் வித்தியாசம்.

புரதம் உட்காரும் இடம் மரபணுவுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தூரத்திலிருந்து மரபணுவை ஊக்கும் இடங்கள் ஏராளம். கைவிரல்கள் உருவாகும்போது வேலைசெய்யும் ஒரு மரபணுவின் ஊக்குமிடம் பத்து லட்சம் எழுத்துகள் தள்ளி, வேறொரு மரபணுவுக்குள் கிடக்கிறது. டிஎன்ஏ வளைந்து மடிவதால் இரண்டும் அருகருகே வருகின்றன. அந்த ஊக்குமிடத்தில் ஓர் எழுத்து மாறினாலே குழந்தை ஆறு விரல்களோடு பிறக்கலாம். புரதம் செய்யும் குறிப்பில் எந்தப் பிழையும் இல்லை. எங்கே, எப்போது செய்வது என்பதில்தான் பிழை.

இத்தனை ஏற்பாடும் கல்லில் பொறித்தது போல நிற்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். உயிருள்ள செல்லில் ஒற்றை மூலக்கூறுகளை நுண்ணோக்கியில் பின்தொடர்ந்து பார்த்தபோது, பல படியெடுப்புக் காரணிகள் தம் இடத்தில் சில விநாடிகளே தங்குகின்றன என்று தெரிந்தது. வருகின்றன, பற்றுகின்றன, போகின்றன, இன்னொன்று வருகிறது. மரபணுவும் சீராக ஓடாமல், கொஞ்ச நேரம் மளமளவென்று பிரதிகளைத் தள்ளிவிட்டு அமைதியாகிறது, மறுபடி தொடங்குகிறது.

இந்தப் புரதங்களையே யார் எழுப்புவது என்றால், வேறு புரதங்களும் வெளியிலிருந்து வரும் செய்திகளும்தான். மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் செல்லுக்குள் நுழைந்து, அங்கே காத்திருக்கும் ஏற்பிப் புரதத்தோடு சேர்கிறது. உடனே அது உட்கருவுக்குள் போய் டிஎன்ஏவைப் பற்றுகிறது. சில புரதங்களோ ஒரு செல்லின் தலைவிதியையே மாற்றக்கூடியவை. 1987-இல் மயோடி என்ற ஒரே ஒரு புரதத்தின் மரபணுவை இணைப்புத்திசுச் செல்களுக்குள் புகுத்தியபோது அவை தசைச் செல்களாக மாறின. எல்லா வகைச் செல்லும் இதற்கு இணங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2006-இல் ஷின்யா யமனாகா நான்கு படியெடுப்புக் காரணிகளைக் கொண்டு, வளர்ந்த எலியின் தோல் செல்லை எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய தொடக்க நிலைக்கே திருப்பினார். 2012-இல் அதற்கு நோபல் கிடைத்தது.

இனி, தொடங்கிய இடத்துக்கு வருவோம். கருக்கால ஹீமோகுளோபின் மரபணுவை அடக்கியது யார்? பிசிஎல்11ஏ என்ற புரதம். அந்த மரபணு தொடங்கும் இடத்துக்கு நூற்றுச் சொச்சம் எழுத்துகள் முன்னால் டி-ஜி-ஏ-சி-சி-ஏ என்று ஆறெழுத்துகள் இருக்கின்றன. பிசிஎல்11ஏ அங்கே பற்றுகிறது, மரபணு அடங்குகிறது. அந்த ஆறில் ஓர் எழுத்து மாறிப் பிறந்தவர்கள் உண்டு. பிடி கிடைக்காததால், அவர்கள் உடலில் கருக்கால ஹீமோகுளோபின் பெரியவர்களான பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் அவர்களுக்குத் தீங்கில்லை.

அரிவாள் செல் நோயில் பெரியவர்களின் ஹீமோகுளோபின்தான் பழுதாகிறது. கருக்கால ஹீமோகுளோபின் மறுபடி வந்தால் நோய் அடங்கும் என்று மருத்துவர்களுக்கு வெகுகாலமாகத் தெரியும். பிசிஎல்11ஏ-யை ஒழித்துவிட்டால் போதும்தான். ஆனால் ரத்த அணுக்கள் எல்லாம் பிறக்கும் மூலச்செல்களுக்கும் எதிர்ப்பொருள் தரும் பி செல்களுக்கும் அந்தப் புரதம் தேவை. இங்கேதான் ஊக்குமிடம் கைகொடுத்தது. பிசிஎல்11ஏ மரபணுவைச் சிவப்பணு உருவாகும் செல்களில் மட்டும் எழுப்பும் ஓர் ஊக்குமிடத்தை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதில் காடா1 என்ற படியெடுப்புக் காரணி பற்றும் சில எழுத்துகள் உள்ளன. நோயாளியின் மூலச்செல்களை வெளியே எடுத்து, டிஎன்ஏவை வேண்டிய இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் என்ற கருவியைக் கொண்டு சரியாக அந்த எழுத்துகளில் வெட்டுகிறார்கள். 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் காஸ்ஜெவி என்ற பெயரில் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. கிரிஸ்பர் வழியில் அனுமதி பெற்ற முதல் சிகிச்சை இதுதான்.

வெட்டிய செல்கள் உடலுக்குள் திரும்புகின்றன. மஜ்ஜையில் குடியேறி, சிவப்பணுக்களைப் பிறப்பிக்கத் தொடங்குகின்றன. அங்கே காடா1 வழக்கம்போல வந்து தடவிப் பார்க்கிறது. பற்ற வேண்டிய எழுத்துகள் இல்லை. பிசிஎல்11ஏ குறைகிறது. அது பிடித்திருந்த ஆறெழுத்துகள் விடுபடுகின்றன. பிறந்த சில மாதங்களில் அடங்கிப்போன அந்த மரபணுவின்மேல் பாலிமரேஸ் மறுபடி வந்து உட்கார்ந்து, கருவில் எழுதிய அதே எழுத்துகளை எழுதத் தொடங்குகிறது.